நரம்பும் மஞ்சள் குடையும்

1984 மார்ச் 11, காலை ஏழு மணி. மூன்று நாளாக ஒரு மீனும் சிக்காத எரிச்சலில், உப்பள முதலாளி சந்தனராஜ் தூத்துக்குடிப் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தூண்டில் கட்டுவதும் பெரிய மஞ்சள் குடை பிடிப்பதும் கயித்தானின் வேலை.

"நீ கட்டுற தூண்டில் நரம்பு மீன் கண்ணுக்குத் தெரியுதுலே. தெரியாத நரம்பா கட்டு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

கயித்தான் நீச்சல் கண்ணாடியை நீட்டினான். "மீன் இருக்குற இடத்துல இருந்து நீங்களே பாருங்க மொதலாளி."

முதலாளி தண்ணீரில் இறங்கினார். ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் குடையுமாகக் கயித்தான் மேலே நின்றான்.

மூச்சிரைக்க எழுந்தார் முதலாளி. "நரம்பு தெரியவே இல்லலே! உன் குடைதான் பூதம் மாதிரி நிக்குது."

"மீனும் அதைத்தான் பாக்குது மொதலாளி."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"குடை பிடிக்கச் சோம்பல்னு சொல்லியிருப்பீங்க."

மார்ச் 18 அன்று முதலாளி குடைக்குப் பதிலாக ஒரு பச்சைத் தொப்பி வாங்கினார். அன்றும் தூண்டில் கட்டியது கயித்தான்தான்.