கேள்வி இல்லாத ஓலை

ஏழு ஆறுகள் பாய்ந்த நீர்வள நாட்டை ஒரு காலத்தில் கனகவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் மனசுக்குத் தோன்றியதுதான் சட்டம். மீசை அழகாக இருக்கிறதென்று ஒருவனை யானைக் கொட்டிலுக்குத் தலைவனாக்கினார். அவனுக்கு யானை என்றாலே நடுக்கம். ஆயிரத்து இருநூறு சட்டச் சூத்திரங்களை மூச்சு வாங்காமல் ஒப்பித்தார் என்பதற்காக, அவைப் பண்டிதர் ஆராவமுதரைப் பெருமன்றத்து நீதிபதியாக்கினார். பண்டிதர் அதுவரை ஒரு சாட்சியின் முகத்தைக்கூடப் பார்த்தவரில்லை. ஊர் மன்ற நீதிபதிகளுக்கு ஜனங்கள் எழுந்து வழிவிடுவதைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தவர்.

பதவிக்கு வந்த வாரமே ஆற்றங்கரை மன்றத்தின் தீர்ப்பு ஒன்றை வரவழைத்துக் கவிழ்த்தார். ராஜாவின் அன்னப்படகு வெள்ளத்தில் போன வழக்கு அது. ஓடக்காரன் மாசானம் மேல் குற்றமில்லை என்று ஊர் மன்றம் விட்டிருந்தது. பண்டிதர் சாட்சி ஓலையை வாசித்தார்.

'படகு போனபோது நான் துறையில் இருந்தேன். கயிறு என்னிடம் இருந்தது. படகு போவதைப் பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை.'

"அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். நாளைப் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போகட்டும்."

அந்த ஓலையை எழுதியவள் உமையாள். ஆற்றங்கரை மன்றத்தில் பதினோரு வருஷமாகச் சாட்சி எழுதுகிறவள். தீர்ப்பைக் கேட்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையெழுத்தே ஒரு மனுஷனை ஊரை விட்டுத் துரத்துகிறதே. விடிந்ததும் அரண்மனைக்குப் போய் ராஜாவின் முன்னால் நின்றாள். பக்கத்தில் பண்டிதரும் இருந்தார்.

"அரசே, ஓலையில் பொய் இல்லை. ஆனால் உண்மையும் அதில் இல்லை."

"ஓலை எழுதுகிறவள் சட்டம் பேசுகிறாளா?" என்றார் பண்டிதர். "மன்றத்தில் உட்கார்ந்தவன் கண்ணீரைப் பார்த்து இளகிவிடுவான் அம்மா. ஓலை அழாது. தூரத்தில் இருப்பவனுக்குத்தான் மலை முழுசாகத் தெரியும்."

அந்தப் பேச்சு நியாயமாகத்தான் பட்டது உமையாளுக்கு. அதுதான் எரிச்சல்.

"மலை தெரியும் சுவாமி. மலையில் ஆள் நிற்பது தெரியாதே."

ராஜாவுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. "மத்தியானத்துக்குள் நிரூபி. தவறினால் மாசானத்தோடு நீயும் அதே ஓடத்தில் கிளம்ப வேண்டியதுதான்."

"சரி அரசே. பண்டிதர் பெருமன்றத்துக்குப் போகட்டும். உங்களிடம் மட்டும் கொஞ்சம் கேட்க வேண்டும்."

பண்டிதர் போனதும் ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்தாள். "உங்கள் கண்ணெதிரே கைநழுவிப் போனது ஏதாவது உண்டா?"

ராஜா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நமக்குள் இருக்கட்டும். மகாராணியின் பஞ்சவர்ணக்கிளி. பழி பூனை மேல் விழுந்தது. பூனையை அரண்மனையை விட்டே விரட்டிவிட்டோம்."

"கிளி போனபோது பக்கத்தில் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"உடையவர் இருந்தாரா?"

"இல்லை."

"கூண்டு யாரிடம் இருந்தது?"

"என்னிடம்."

"பறந்ததைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"யாரையாவது கூப்பிட்டீர்களா?"

"இல்லை. அது ஏனென்றால்..."

"ஏன் என்று நான் கேட்கவில்லையே, அரசே."

மன்ற வழக்கப்படியே எழுதினாள். கேள்விகளை விட்டுவிட்டு, பதில்களை மட்டும் கோத்து, சாட்சி தானாகவே சொன்னதுபோல. பெயர் போடவில்லை. காவலன் ஒருவன் அதைப் பெருமன்றத்துக்குக் கொண்டுபோனான். பாக்கு மெல்லும் நேரத்தில் ஓலையோடு பண்டிதரே வந்துவிட்டார்.

"இதெல்லாம் ஒரு வழக்கா? உடையவர் இல்லாத சமயம் பார்த்துக் கூண்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளியை விட்டிருக்கிறான். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கல்நெஞ்சுக்காரன். நாடு கடத்துங்கள்."

"எப்போது கிளம்பட்டும்?" என்று கேட்டார் ராஜா.

"யார், அரசே?"

"கல்நெஞ்சுக்காரன்தான். நான்."

பண்டிதர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பெயரைத் தேடினார்.

உமையாள்தான் பேசினாள். "இப்போது கேட்கிறேன் அரசே. ஏன் கூப்பிடவில்லை?"

ராஜா நெளிந்தார். "வாய் நிறையக் கொழுக்கட்டை. இனிப்பு ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கூண்டைத் திறந்து அதற்கும் ஒரு துண்டு கொடுக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "மாசானத்தைக் கூப்பிடுங்கள்."

ஓடக்காரன் வந்து கும்பிட்டான். கையில் மூட்டை தயாராக இருந்தது.

"ஏனப்பா, படகு போகும்போது நீ யாரையும் கூப்பிடவில்லை?"

"வாயில கயிறு இருந்துச்சு சாமி. கட்டியிருந்த தறியைப் பிடுங்கிக்கிட்டுப் படகு போகவும், தண்ணியில குதிச்சுக் கயித்தைப் பல்லால கடிச்சு இழுத்தேன். வெள்ளம் பலமா இருந்துச்சு. ரெண்டு பல்லு போச்சு, படகும் போச்சு." வாயைத் திறந்து காட்டினான். "ஊர் மன்றத்து ஐயா இந்த ஓட்டையைப் பார்த்துட்டுத்தான் என்னை விட்டாரு."

"இது ஏன் ஓலையில் இல்லை?" என்று கேட்டார் ராஜா.

"அவர் பார்த்தார், கேட்கவில்லை," என்றாள் உமையாள். "கேட்காததை எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லை."

மாசானத்துக்குத் தண்டனை நீங்கியது. பூனைக்கும் ஆள் போனது. பண்டிதரை ஆற்றங்கரை மன்றத்தில் ஒரு வருஷம் சாட்சி எழுத அனுப்பினார் ராஜா. அதோடு நிற்பாரா? "இன்றுமுதல், இருபது வருஷம் ஊர் மன்றத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் பெருமன்றம்" என்று முரசறையச் சொன்னார்.

"வேண்டாம் அரசே," என்றாள் உமையாள். "இருபது வருஷம் உட்கார்ந்தும் சாட்சி முகத்தை நிமிர்ந்து பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். முதலில் ஓலையில் கேள்வியையும் எழுதச் சொல்லுங்கள்."

ராஜா தாடியைத் தடவினார். "அப்படியானால் பெருமன்றத்து ஆசனத்தில் நீயே உட்கார்."

உமையாள் ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அரசே?"

"இதோ," என்று சிரித்தார் ராஜா, "இதற்காகத்தான்."