வாசல் பக்கம் விலகிய தடம்

கயிற்றின் ஒரு நுனியை முற்றத்து விளக்குக் கல்லில் கட்டிவிட்டு, மறுநுனியை நடைத்தடத்தின் மேல் இழுத்துப் பிடித்தார் பூவலிங்கம். கிணற்றுப் பக்கம் கயிறு மிஞ்சியது. வாசல் பக்கம் எட்டவில்லை.

தடம் வட்டமாக இல்லை.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் தடுத்தும் கேட்காமல் இந்த மடத்துக்கு வந்துவிட்டார். மனம் அங்கே இங்கே போகாமல் விளக்கைச் சுற்றி நடக்க வேண்டும். அதுதான் இங்கே பயிற்சி. இப்போதைக்கு அவர் ஒருவர்தான் மாணவர். கற்றுக்கொடுக்கும் சொர்ணத்தம்மாளுக்கு அவரைவிட வயது குறைவு. அந்த அம்மாவின் மனமே வாசலில் வந்து நிற்கும் கார்களைத்தான் சுற்றுகிறது என்று அவருக்குச் சந்தேகம். உறுதியானால் கிளம்பிவிடலாம் என்று பையைக்கூடக் கட்டி வைத்திருந்தார்.

"என்ன ஐயா, பட்டா போடப் போறீங்களா?"

கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க தடத்தை அளக்கிறேம்மா. வாசல் பக்கம் இழுக்குது."

"என் தடமா?"

"என்னோடது இழுக்காது. கண்ணளவுலயே வட்டம் போடுறவன் நான்."

"இந்தப் புது மணல் எப்போ கொட்டினோம்?"

"போன வாரம்."

"எனக்குக் கால் பிசகினது?"

"அதுக்கு முன்னாடி." கயிற்றைத் தளரவிட்டார். "ராத்திரி யாருக்கும் தெரியாம நடக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?" அவள் சிரித்தாள். "விளக்குக்கும் வாசலுக்கும் நடுவுல ஒரு முளை அடிங்க. கயித்தை வளையமா முடிஞ்சு, கல்லு முளை ரெண்டையும் சுத்திப் போடுங்க."

பூவலிங்கம் முளை அடித்தார். வளையத்துக்குள் ஒரு குச்சியை விட்டு, கயிறு தொய்யாமல் இழுத்தபடி சுற்றி வந்தார். குச்சி தடத்தை விட்டு இறங்கவேயில்லை. கோழிமுட்டை போல ஒரு கோடு விழுந்தது.

வெளியே, மகள் இருக்கும் அவர் ஊரிலிருந்து வரும் முதல் பஸ் நின்றது. குச்சியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

"தினமும் இந்த நேரத்துக்குத்தானே நடக்கிறீங்க?" என்றாள் அம்மாள்.

அவர் குச்சியை மணலில் வைத்தார்.

"எதைப் பிடுங்கட்டும்மா, கல்லையா முளையையா?"

"எதைப் பிடுங்கினாலும் வட்டம் வந்துடும் ஐயா. நடக்கிறதுக்குத்தான் நீங்க இருக்க மாட்டீங்க."

புது முளை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பூவலிங்கம் அதைக் குதிகாலால் அழுத்தி மண்ணுக்குள் இறக்கினார்.