சோப்பு விளம்பரத்துக்கு ஒரே முகம்

கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும், தங்கச்சி ரெஜினா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இன்னாசியைச் சீண்டினாள்: "அன்னைக்கு அம்மா சங்கிலியை விக்கக் கிளம்பினியே, அண்ணே!"

பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள், மாடலிங் கம்பெனி முதலாளி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சோப்பு விளம்பரத்துக்கு ஒரே முகம்தான் வேணும். அது நீதாம்மா. வெளியே மூச்சு விடாதே. போட்டோ ஆல்பத்துக்கு மட்டும் இருபதாயிரம் கட்டிடு."

சங்கிலியை விற்க இன்னாசி எழுந்தான்.

"நல்ல சேதியை ஏன் சார் மறைக்கணும்?" என்று ரெஜினா கதவைத் திறந்தாள். ஷூட்டிங் தேதி கேட்டுக் கூடத்தில் காத்திருந்த பெண்களைக் கும்பிட்டாள். "அக்கா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. சார் என்னை மட்டும்தான் எடுத்திருக்காராம்."

"என்னடி உளர்றே? என்னைன்னு சொல்லித்தானே பணம் வாங்கினார்!" என்று ஒருத்தி எழுந்தாள்.

"அப்ப நான் யாரு?" என்றாள் அடுத்தவள்.

கூடமே அறைக்குள் புகுந்தது. முதலாளி வாங்கிய பணத்தையெல்லாம் கக்கினார்.

சங்கிலி இப்போது ரெஜினாவின் மகள் கழுத்தில் இருக்கிறது.