அதிரசச் சத்தியம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அந்த ராஜா ஒரு பெரிய கலாசாலை நடத்திவந்தார். அங்கே வருஷா வருஷம் மாணவர்கள் தங்களுக்கு ஒரு தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுக்கப்படும். திரைக்குப் பின்னால் போட்டியாளர்களின் குடங்கள் இருக்கும். பிடித்தவர் குடத்தில் கொட்டையைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். ஜெயித்தவர் ராஜாவின் முன்னால் நின்று மாணவர்களின் குறையை நேருக்கு நேர் சொல்லலாம். கலாசாலையில் வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது.

அந்த வருஷம் இருந்த குறை ஒன்றுதான்: சோற்றில் கல். சாதாரணக் கல் அல்ல, பல்லோடு பந்தயம் கட்டும் கல். அரிசி வந்ததோ மந்திரி தர்மசேனரின் களஞ்சியத்திலிருந்து. அரண்மனை விகடன் வேம்பன் இதை ராஜாவிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். ராஜா அதையும் விகடம் என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். விகடனாய்ப் பிறந்தவனுக்கு இது ஒரு தொல்லை.

ஆகவே தலைவர் பதவிக்கு வானநூல் படிக்கும் செங்கமலம் நின்றாள். அவளுடைய சின்னம் முறம். மந்திரி சும்மா இருப்பாரா? தம் அக்காள் மகன் குலதீபனை மயில் சின்னத்தில் நிறுத்தினார்.

செங்கமலத்தின் பிரசாரம் எளிமையானது. போஜன சாலை வாசலில் முறத்தோடு உட்கார்ந்துகொள்வாள். சாப்பிட்டு வருகிறவர்கள் தங்களுக்குக் கிடைத்த கல்லை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். குலதீபனோ கோயில் யானையை இரவல் வாங்கி, மேளதாளத்தோடு வலம் வந்தான். "பரீட்சையே கிடையாது! மத்தியானம் எல்லாரும் தூங்கலாம்!" என்று அவன் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். யானைக்கு மட்டும் அதில் அக்கறை இல்லை. தோட்டத்து வாழையைத் தின்றுகொண்டிருந்தது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குலதீபன் விடுதி விடுதியாகப் போய் ஆளுக்கு இரண்டு அதிரசம் கொடுத்தான். வாயில் அதிரசம் கரைந்ததும் சூடத்தைக் கொளுத்தி, சத்தியமும் வாங்கிக்கொண்டான். கல்லைத் தின்று நொந்திருந்த வாய்கள். நெய் மணத்தைக் கண்டதும் மயங்கிவிட்டன.

இலக்கணம் படிக்கும் சடகோபன் அழாத குறையாகச் செங்கமலத்திடம் வந்தான். வேம்பனும் அங்கேதான் இருந்தான்.

"அக்கா, என்னை மன்னிச்சிரு. என் புளியங்கொட்டையை மயில் குடத்துலதான் போடுவேன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன். நான் மட்டுமில்ல, எல்லாருந்தான்."

"உனக்கு நெஜமாவே அவர்தான் வேணுமாடா?"

"ஐயோ, யாருக்கு வேணும்? சத்தியத்தை மீறினா கண்ணு போயிடும்னு பயமா இருக்குக்கா!"

செங்கமலத்துக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. வேம்பன் மட்டும், "எந்தக் குடத்தில் போடுவேன் என்று சொன்னாய், தம்பி? மறுபடி சொல்லு" என்று கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

மறுநாள் சபையில் மந்திரி எழுந்தார். "மகாராஜா! இவ்வாண்டுத் தேர்தலை நம் வேம்பனாரே நடத்தட்டும். ஆனால் மாணவர்கள் செய்த சத்தியம் ஒன்றுகூட மீறப்படலாகாது. மீறப்பட்டால் அந்தப் பழி தேர்தல் நடத்துபவரையே சேர வேண்டும்."

வேம்பன் தொலைந்தால் போதும் என்று காத்திருந்த பிரதானிகள், "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார்கள்.

"மகாராஜா, அதிரசத்துக்கு வாங்கிய சத்தியம் அது. மனதார வந்ததல்ல" என்றான் வேம்பன்.

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உற்சாகம் பிறந்தால் அவர் ஏதாவது ஏடாகூடமாக உத்தரவு போடுவார். "அப்படியானால் கேள்! ஒரு சத்தியமும் மீறப்படக் கூடாது. எவரும் தம் மனத்துக்கு விரோதமாக வாக்களிக்கவும் கூடாது. இரண்டும் நடந்தாக வேண்டும். தவறினால் உன்னைக் கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே அனுப்பிவிடுவேன்!"

"உத்தரவு, மகாராஜா. வாக்களிக்கும் முறை?"

"அது உன் விருப்பம்."

மந்திரி அன்றே நல்ல கழுதையாகப் பார்த்துக் கட்டிவைத்துவிட்டார்.

தேர்தல் நாளன்று ராஜா கலாசாலை முற்றத்தில் வந்து அமர்ந்தார். மாணவர்கள் கொட்டையும் கையுமாக, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். குலதீபன் கழுத்தில் மாலையே விழுந்துவிட்டது. வேம்பன் மேடை ஏறினான்.

"பிள்ளைகளே! மயில் குடத்தில் கொட்டையைப் போடுவதாகச் சத்தியம் செய்தவர்கள் அப்படியே போடுங்கள். ஒருவரும் வாக்குத் தவறக் கூடாது. ஆனால் இவ்வாண்டு முறை புதிது. யார் தலைவராக வேண்டாம் என்று நினைக்கிறீர்களோ, அவர் குடத்தில்தான் கொட்டை விழ வேண்டும். கொட்டை குறைந்தவரே தலைவர்!"

மாணவர்கள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு சடகோபன், "ஆத்தாடி!" என்று துள்ளினான். அவ்வளவுதான், எல்லாரும் திரையை நோக்கி முண்டியடித்தார்கள்.

"அநியாயம்!" என்று அலறினார் மந்திரி. "குலதீபனை மனதார விரும்புகிறவர்களும் சத்தியம் செய்திருக்கிறார்களே! அவர்கள் என்ன செய்வார்கள்?"

"மனதார விரும்புகிறவர்களிடம் சத்தியம் எதற்கு ஐயா வாங்கினீர்கள்?" என்று கேட்டான் வேம்பன். "சரி, அதற்கும் வழி இருக்கிறது. வாங்கிய சத்தியத்தை வாங்கியவரே திருப்பிக் கொடுக்கட்டும். பழைய முறைப்படியே நடத்திவிடுகிறேன்."

மந்திரி வாய் திறப்பதற்குள் குலதீபன் மாலையைக் கழற்றிக்கொண்டு மேடைக்கு ஓடினான். "எல்லாரும் நில்லுங்க! சத்தியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! அவங்கவங்களுக்குப் பிடிச்ச குடத்துல போடுங்க!"

முற்றம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. பழைய முறைப்படியே தேர்தல் நடந்தது. செங்கமலத்தின் முறக் குடம் நிரம்பி வழிந்து, கொட்டைகள் தரையில் உருண்டன. மயில் குடத்தைக் கவிழ்த்தபோது ஒன்றே ஒன்று டணக்கென்று விழுந்தது. குலதீபன் வெட்கத்தோடு, "அது என்னோடது" என்றான்.

"தலைவியே, உன் குறையைச் சொல்" என்றார் ராஜா.

செங்கமலம் கைகூப்பினாள். "சொல்ல ஒன்றுமில்லை, மகாராஜா. எங்களோடு ஒருவேளை சாப்பிட வாருங்கள், அது போதும்."

ராஜா மாணவர்களோடு பந்தியில் உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குள் போனது. 'நறுக்'கென்ற சத்தம் கடைசி இலை வரைக்கும் கேட்டது. ராஜா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மந்திரியைப் பார்த்தார். மந்திரி இலையைப் பார்த்தார்.

"வேம்பா, அன்று நீ சொன்னது விகடம் இல்லையா?"

"இல்லை மகாராஜா. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உண்மை. அதற்குத்தான் நீங்கள் அதிகமாகச் சிரித்தீர்கள்."

மந்திரிக்கு அன்றே வேலை மாறியது. தினமும் போஜன சாலை வாசலில் உட்கார்ந்து, செங்கமலத்தின் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்க வேண்டும். துணைக்குக் குலதீபன். கட்டிவைத்திருந்த கழுதை புது அரிசி மூட்டை சுமக்கப் போய்விட்டது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"ஊரே அதிரசம் தின்றது மகாராஜா. தேர்தல் நடத்தியவனுக்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை" என்றான் வேம்பன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

உடனே ஒரு பொற்குடம் நிறைய அதிரசம் வந்தது. குடமும் அவனுக்கே என்றார் ராஜா. வேம்பன் ஒன்றை எடுத்தான். வாய்வரைக்கும் கொண்டுபோனவன், சட்டென்று நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மகாராஜா, இதற்குச் சூடம் எதுவும் அணைக்க வேண்டாமே?"

ராஜா, வலிக்கிற பல்லையும் மறந்து, விழுந்து விழுந்து சிரித்தார்.