கருமந்தியின் கண்ணாடித் தொட்டி

மலையடிவாரக் காட்டில் நீலன் என்றொரு கருமந்தி இருந்தது. ஆளில்லாத வன பங்களாவின் பின்புறம் யாரோ போட்டுவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி ஒன்று அதற்குக் கிடைத்தது. நீலனுக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியைப் பாறைமேல் ஏற்றி, மணல் பரப்பி, ஊற்றுநீர் நிரப்பியது. "எட்டாம் நாள் மீன்காட்சி, எல்லோரும் வாருங்கள்" என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டது.

கோடையில் ஓடை வற்றிக்கொண்டிருந்தது. அதனால் தொட்டிக்கு வர மீன்கள் முண்டியடித்தன.

இருபது அயிரைகளையும் வெள்ளியாய் மின்னிய பத்துக் கெண்டைகளையும் நீலன் பொறுக்கியது. பிறகு ஒரு விரால் மெல்ல முன்னால் வந்தது. முழங்கை நீளம், உடம்பெல்லாம் பட்டை பட்டையாகக் கோடுகள். நீலன் சொக்கிப்போனது.

"சின்ன மீன்களோடு உனக்கு ஒத்துப்போகுமா?"

"சின்ன மீன்கள் என்றால் எனக்கு உயிர்" என்றது விரால். "அவர்கள் இல்லாமல் ஒரு வேளைகூடக் கழியாது."

"என்ன பாசம்!" என்று நீலன் உருகியது.

சிற்றி என்ற அயிரை நீலன் பக்கம் நீந்தி வந்தது. "அண்ணா, அதன் வாயைக் கொஞ்சம் பாருங்கள்."

"பார்த்தேன். தேனாய்ப் பேசுகிறது."

"அகலத்தைச் சொன்னேன் அண்ணா. சரி, நாங்கள் ஒளிந்துகொள்ள நாலு கல்லாவது போடுங்கள்."

"இது பார்ப்பதற்கு வைத்த தொட்டி. ஒளிந்துகொண்டால் எவன் பார்ப்பான்?"

மறுநாள் அயிரைகள் பதினைந்துதான் இருந்தன. மீதி எங்கே என்று நீலன் கேட்டது.

"என்னோடு ஐக்கியமாகிவிட்டார்கள்" என்றது விரால்.

"ஒற்றுமை என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று நீலன் மெச்சியது. கெண்டைகள் மூலையில் நடுங்கி ஒடுங்கின. அதையும் நீலன் அடக்கம் என்றே எண்ணிக்கொண்டது.

எட்டாம் நாள் மானும் மயிலும் கரடியும் வந்து சேர்ந்தன. தொட்டியில் வயிறு புடைத்த விரால் மட்டும் மிதந்தது.

"மீன்காட்சி என்றாயே, ஒரே மீன்தானா?" என்றது கரடி.

"எல்லோரும் இருக்கிறார்கள்" என்று விரால் ஏப்பம் விட்டது. "உள்ளே."

நீலனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தின் முன் கூனிக் குறுகிப்போனது. விராலை வாரியெடுத்து, ஓடையில் ஆழம் மிஞ்சியிருந்த மடுவில் கொண்டுபோய் விட்டது. போகிற போக்கில் விரால் அதன் விரலையும் கடித்துவிட்டுப் போனது.

இரத்தம் சொட்டும் கையோடு திரும்பிவந்த நீலன் தொட்டிக்குள் குனிந்து பார்த்தது. மணலுக்குள்ளிருந்து சிற்றி மூக்கை மட்டும் நீட்டியது. முப்பதில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

நீலன் கூழாங்கற்களைப் பொறுக்கிவந்து அடுக்கியது. "இனி யாரை அழைப்பது என்று நீயே சொல்" என்றது.

ஓரிடத்தில் பலரைக் குடிவைப்பவர் அழகையும் பேச்சையும் பார்க்குமுன், யாருக்கு யார் இரை என்று பார்க்க வேண்டும்.