எத்திராஜ் கொண்டுவந்த புல்வெட்டி

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு மடம். மடத்துக்குப் பின்னால் ஆளுயரப் புல். புல்லுக்கு நடுவே ஒரு பாழுங்கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. மல்லாந்து படுத்து வாயைப் பிளந்து தூங்குகிறவன் மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும்.

மடத்துச் சாமிக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. சீடன் எத்திராஜ் ஐம்பதைத் தாண்டியவன். குருவுக்குத் தாடி சரியாக முளைக்கவில்லை, சீடனுக்கு முன்தலை கொட்டிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் ஆள் மாறிக் காலில் விழுவார்கள். எத்திராஜும் கூசாமல் திருநீறு பூசி அனுப்புவான்.

திருவிழா மேடைகளில் பலகுரல் செய்து பிழைத்தவன் அவன். பஸ் ஸ்டாண்டு மைக்கு, பால் கேட்கிற கன்றுக்குட்டி, மருமகளிடம் ஒரு குரலும் மகளிடம் ஒரு குரலுமாகப் பேசுகிற மாமியார், எல்லாம் அந்த ஒரே தொண்டைக்குள் குடித்தனம் இருந்தன. மடத்துக்கு வந்தும் அடங்கவில்லை. சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று சாமி குரலில் “இன்னிக்கு வடை போடுங்க” என்று சொல்லி, சாமிக்கு முன்னால் உட்கார்ந்து வடையையும் தின்றிருக்கிறான்.

அன்றைக்குக் காலையில் அவன் முகம் வெளுத்திருந்தது.

“சாமி, வாயை மூடினாலும் குரல் நிக்க மாட்டேங்குதே. ஏன்?”

“யார் குரல்?”

“எங்க அண்ணன் குரல்.”

அண்ணன் முனிரத்தினம் மஸ்கட்டுக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவன். அங்கேயே செத்தான், அங்கேயே எரிந்தான். ஆரணியில் இருக்கிற அம்மாவுக்கு இதயம் பலவீனம், கண்ணும் மங்கல். இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். பெரியவன் போன் வரவில்லையே என்று அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். எத்திராஜ் ஒரே ஒரு தடவை அண்ணன் குரலில் பேசினான். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் பேசினான். அதற்கென்று ஒரு போன் தனியாக வாங்கினான். அந்த நம்பர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“போன வெள்ளிக்கிழமை, ‘தை பொறந்ததும் வர்றேம்மா’ன்னு சொல்லிடுச்சு சாமி.”

“யார் சொன்னது?”

“அதைத்தான் கேக்கறேன். நான் சொல்லணும்னு நெனைக்கவே இல்ல. வெச்சிடறேம்மான்னு சொல்லி வாயை மூடிட்டேன். மூடினதுக்கு அப்புறம்தான் அது சொல்லுச்சு. அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டாங்களாம்.”

சாமி ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார்.

“புல்லு ரொம்ப வளந்துடுச்சு. குருபூஜைக்குக் குழந்தை குட்டியோட வருவாங்க. கிணறு இருக்கிற இடமே தெரியல. நம்ம டிராக்டருக்கு ஒரு புல்வெட்டி பாத்துட்டு வாங்க.”

“சாமி, நான் கேட்டது…”

“காதுல விழுந்துச்சு. போயிட்டு வாங்க.”

அந்த டிராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டி வண்டி, சாமி பிறப்பதற்கு ரொம்ப முன்னால் பிறந்தது. காயலான் கடையில் போட மனசு வராத பக்தர் ஒருவர் மடத்தில் போட்டுவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டார். கிளப்பினால் நாலு இருமல், ஒரு தும்மல், அப்புறம்தான் பேச்சு. பிரேக் பேருக்குத்தான். பின்னால் ஒரு சுழல் தண்டு உண்டு. எதை மாட்டினாலும் சுற்றும். இந்தக் காலத்து வண்டிகளில் தண்டுக்கு ஒரு வழி, சக்கரத்துக்கு ஒரு வழி என்று பிரித்து வைத்திருப்பார்கள். இதில் இரண்டும் ஒரே கியர்ப் பெட்டிக்குள் பல்லோடு பல் கடித்துக்கொண்டு கிடந்தன. கியர் விழுந்திருக்கும்வரை ஒன்று சுற்றினால் இன்னொன்றும் சுற்றும்.

போளூர்க் கடையில் இரண்டு புல்வெட்டி இருந்தன. ஒன்று பெரியது. அடியில் உலக்கைக் கனத்தில் கத்தி. கருவேலஞ்செடியைக்கூடச் சீவித் தள்ளும். இன்னொன்று சின்னது, கத்தியும் மெல்லிசு. தண்டோடு மாட்டுகிற இடத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தது.

“இது என்னாத்துக்கு?” என்றான் எத்திராஜ்.

“சைக்கிள் பின்சக்கரத்துல ஃப்ரீவீல் கீதில்ல, அந்த மாதிரிங்க,” என்றார் கடைக்காரர். “வண்டி கத்தியைச் சுத்தலாம். கத்தி வண்டியைச் சுத்தக் கூடாது. உங்களுது பழைய வண்டின்னா இது இல்லாம ஓட்டாதீங்க.”

அவர் இழுத்து இழுத்து மூக்கால் பேசுவதை எத்திராஜ் அப்படியே எடுத்து, “வண்டி கத்தியைச் சுத்தலாம், கத்தி வண்டியைச் சுத்தக் கூடாது,” என்று சொல்லிக் காட்டினான். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் இரண்டையும் வண்டியில் ஏற்றிவிட்டு, ஓட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள் என்றார்.

“எதை மாட்டப் போறீங்க?” என்று மடத்தில் வந்து இறக்கியதும் கேட்டார் சாமி.

“பெருசுதான் சாமி. கனம் இருந்தாத்தானே வேலை நடக்கும். ஒரே மூச்சுல முடிச்சிடலாம்.”

“மாட்டுங்க.”

மறுநாள் சாமி மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி இருமித் தும்மிப் புல்லுக்குள் நுழைந்தது. பின்னால் கத்தி ஊளையிட்டது. காற்று துளிகூட இல்லை. ஆனாலும் வண்டி தொடுவதற்கு முன்பே புல் இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போனது, யாரோ முன்னால் நடந்து வழி காட்டுகிற மாதிரி.

கிணற்றங்கரையில் நட்டு வைத்திருந்த சிவப்புத் துணிக் கம்பு தெரிந்தது. எத்திராஜ் கிளட்சை மிதித்தான்.

வண்டி நிற்கவில்லை.

பிரேக்கை மிதித்தான். அது இருந்தால்தானே. இன்ஜினை அணைக்கிற கம்பியைப் பிடித்து இழுத்தான். இன்ஜின் செத்தது. அப்போதும் வண்டி போய்க்கொண்டிருந்தது. இருமல் இல்லை, தும்மல் இல்லை, உயிரே இல்லாத வண்டி, பின்னால் ஊளை மட்டும் துணைக்கு வர, வேலை தெரிந்த ஆள் ஓட்டுகிற மாதிரி நேராகப் போனது. சிவப்புத் துணிக் கம்பு சாய்ந்து சக்கரத்துக்கு அடியில் போயிற்று.

“கிளட்ச் மிதிச்சீங்களா?” சாப்பிட்டாச்சா என்பதுபோல் கேட்டார் சாமி.

“மிதிச்சேன் சாமி. மிதிச்சிக்கிட்டேதான் இருக்கேன்.”

“அப்ப யார் ஓட்டறது?”

முன்சக்கரத்தடியில் மண் சரிந்தது. உள்ளே போன மண் விழுந்த சத்தம் வர நேரம் ஆனது. எத்திராஜ் “அம்மா” என்று கத்தினான். வெளியே வந்தது அவன் குரல் இல்லை. முனிரத்தினம் குரல்.

கிணறு அதை வாங்கி வைத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, எத்திராஜ் கத்தின மாதிரி இல்லாமல், மெதுவாக, பிரியமாகச் சொன்னது:

“அம்மா.”

சாமி குனிந்து கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டார். வண்டி நின்றது. கத்தி நிற்கவில்லை. பின்னால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் இறங்கி நடந்து மடத்து வாசலுக்கு வந்த பிறகும் அதன் ஊளை கேட்டது.

எத்திராஜ் படியில் உட்கார்ந்தான். சாமி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

“இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் ஏறி உக்காந்தீங்களா சாமி?”

“தெரியும். கடைக்காரர் சொன்னாரே.”

“அவர் என்கிட்டல்ல சொன்னாரு.”

“நேத்து சாப்பிடறப்ப அவர் குரல்லயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினீங்களே. எல்லாரும் என்னமா சிரிச்சோம்.”

எத்திராஜ் தண்ணீரைக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவனே போய்ப் பெரிய புல்வெட்டியைக் கழற்றினான். சின்னதை மாட்டினான். வளையத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். ஒரு பக்கம் பிடித்தது, மறுபக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“இது மெதுவாத்தான் வெட்டும் சாமி. போன தடத்துலயே திரும்பத் திரும்பப் போவணும்.”

“போங்க.” சாமி மறுபடியும் மட்கார்டில் ஏறினார்.

“நீங்க வேணாம் சாமி. நேத்து மாதிரி ஆயிட்டா?”

“கிணத்துல தண்ணி கிடையாது. நீச்சல் தெரியலன்னு பயப்பட வேணாம்.”

புல் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தது. வெயில் சாயும்போது கிணற்றைச் சுற்றி ஒரே ஒரு வரிசைதான் பாக்கி. எத்திராஜ் வண்டியை விளிம்புக்கு நேராகத் திருப்பினான். முன்சக்கரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்போது கிளட்சை மிதித்தான்.

கட்டிப்போட்ட மாடு மாதிரி வண்டி நின்றது. இன்ஜினை அணைத்தான். பின்னால், கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் சக்கரம் மாதிரி, கிரகிரவென்று கத்தி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மாவுக்கு மட்டும் தெரிந்த போன்.

எத்திராஜ் சாமியைப் பார்த்தான்.

“எடுங்க,” என்றார்.

காதில் வைத்தான்.

“பெரியவனே, மத்தியானத்துல இருந்து போனைக் கையிலயே வெச்சிக்கினு உக்காந்திருக்கேன்டா. வெள்ளையடிச்சாச்சு. உன் ரூமுக்கு மட்டும் நீலம் கலக்கச் சொன்னேன். தை பொறந்ததும் வந்துடுவல்ல? பெரியவனே?”

எத்திராஜ் பல்லைக் கடித்து வாயை இறுக்கி மூடினான். இன்னொரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

கிணற்றுக்குள் இருந்து வந்தது.

“வர்றேம்மா.”

பிடித்த கைக்குள் தொண்டை அசையவே இல்லை. சாமியும் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“என்னடா, எங்கியோ தூரத்துல இருந்து பேசற மாதிரி கேக்குது,” என்றாள் அம்மா.

எத்திராஜ் போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்தினான். “சாமி, கேட்டீங்கல்ல? அது நிக்கலையே.”

“வண்டி நின்னுச்சா?”

எத்திராஜ் முன்சக்கரத்தைப் பார்த்தான். ஒரு முழம் அப்படியே இருந்தது.

“நின்னுடுச்சு.”

“அப்ப கத்தி சுத்தட்டும். நீங்க உங்க குரல்ல பேசுங்க.”