பந்தல் வாசலில் தென்னம்பாளை வந்த கதை

அந்தக் காலத்தில் மரங்கள் பேசின, நடந்தன, கல்யாணமும் செய்துகொண்டன. ஒரு தோப்புக்குத் தலைவர் பெரிய பனை. அவருக்குக் கம்பீரத்துக்கும் குறைச்சலில்லை, பிடிவாதத்துக்கும் குறைச்சலில்லை. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. உலகமே அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பந்தலில் ஆண்மரங்கள் வலப்பக்கம், பெண்மரங்கள் இடப்பக்கம் என்பது அவர் வைத்த சட்டம்.

அவர் மகள் வடிவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. வடிவோடு சேர்ந்தே வளர்ந்தது ஓர் இளந்தென்னை. அப்போதுதான் அதற்கு முதல் பாளை விட்டிருந்தது. வடிவின் கல்யாணத்தில் நிற்க வேண்டும் என்று அதற்கு அவ்வளவு ஆசை. ஆனால் மூடிய பாளைக்குள் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியும். ஆண்பூவும் இருந்தது, பெண்பூவும் இருந்தது.

சித்தித் தென்னை காதோடு சொன்னது: "ஒண்ணைக் கிள்ளிப் போட்டுடு கண்ணு. நம்ம வம்சத்துல எல்லாரும் அப்படித்தான். நானும் கிள்ளினவதான்."

"வலிக்கலையா சித்தி?"

"இன்னிக்கும் வலிக்குது."

முகூர்த்த நாளில் இளந்தென்னை பாளையை இறுக்கி மூடிக்கொண்டு வந்தது. பெரிய பனை வழிமறித்தார். "நீ எந்தப் பக்கம்?"

எல்லா மரங்களும் பார்த்துக்கொண்டிருக்க, அது பாளையைப் பட்டென்று வெடித்துத் திறந்தது. மேலே அரிசிமணிபோல ஆண்பூ, கீழே பாக்குப்போலப் பெண்பூ.

"நான் ஆணும்தான், பெண்ணும்தான் மாமா. ரெண்டு பக்கமும் என் பக்கம். எதையும் கிள்ள மாட்டேன்."

"அப்போ பந்தல்ல உனக்கு இடமில்லை. வெளியே போய் நில்லு!"

தென்னை வெளியே போய் வாசலில் நின்றது. தலை நிமிர்ந்தே இருந்தது.

வடிவு மணையை விட்டு எழுந்துவிட்டாள். "அது அங்கேயே நிக்கட்டும்ப்பா. மாப்பிள்ளை வீட்டாரும் நம்ம வீட்டாரும் அதுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் உள்ளே வரணும். இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

முகூர்த்தம் தவறப் பார்த்தது. மாப்பிள்ளைப் பனை முதலில் எழுந்து வாசலுக்குப் போய்த் தலை தாழ்த்தினான். ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். கடைசியில் பெரிய பனையும் போனார். தோப்புக்கே அன்று தனிக்களை. சித்தித் தென்னை அழுதுகொண்டே, "இனி என் பாளையையும் கிள்ள மாட்டேன்" என்றது.

அன்று முதல்தான் தென்னை எதையும் கிள்ளாமல் ஒரே பாளையில் ஆண்பூவும் பெண்பூவும் பூக்கிறது. இன்றும் நம் கல்யாணங்களில் பெண் வீட்டாரானாலும் பிள்ளை வீட்டாரானாலும், வாசலில் இரண்டுமாக விரிந்து நிற்கும் அந்தப் பாளையைக் கடந்துதான் பந்தலுக்குள் போக வேண்டும்.